கான்ஸ்டபிளின் வண்டியில் ஏவுகணை: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்த 'தி ஹே வெய்ன்' ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டவர் ஆற்றில் இறங்கி நிற்கும் காலி வைக்கோல் வண்டி, கரையோரம் ஒரு வீடு, மேகம் திரண்ட வானம். 1980இல் பிரிட்டிஷ் கலைஞர் பீட்டர் கென்னார்ட் அந்த வண்டியில் குரூஸ் ஏவுகணைகளை ஏற்றிவிட்டார்! அமெரிக்க ஏவுகணைகள் இங்கிலாந்துக்கு வரவிருந்த நேரம் அது. வெட்டி ஒட்டிய படம்தான். ஆனாலும் எனக்கு மூலத்தைவிட இதுதான் மனசில் நிற்கிறது (திட்டாதீர்கள்).

அடுத்த வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும். பழைய நிலக்காட்சி ஓவியங்களை இப்படி மாற்றிச் செய்த படைப்புகள் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்படியே, இப்படிப் படங்களை வெட்டி ஒட்டிச் செய்யும் 'போட்டோமாண்டாஜ்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் யாரிடமாவது இருக்கிறதா? 'ஒட்டுப்படம்' என்றால் ஸ்டிக்கர் மாதிரி ஒலிக்கிறது.