ஓய்வூதியத்தைச் சீர்திருத்த எந்த அரசும் ஏன் துணிவதில்லை?

இளவேனில் (கேள்வி):
என் சம்பளத்தில் மாதாமாதம் ஓய்வூதியத்துக்குப் பிடிக்கிறார்கள். அந்தப் பணம் எனக்காகச் சேரவில்லை, இப்போது ஓய்வில் இருப்பவர்களுக்கே போகிறது என்று சமீபத்தில்தான் தெரிந்தது. முதியவர்கள் கூடி, உழைப்பவர்கள் குறைந்துகொண்டே போனால் இது எத்தனை நாள் தாங்கும்? பேசாமல் ஆளுக்கொரு தனிக்கணக்கு என்று மாற்றிவிடலாமே?

கரிகாலன்:
வலி இன்றைக்கு, பலன் இருபது வருடம் கழித்து. நடுவில் நாலைந்து தேர்தல். பிரான்ஸில் 2023-இல் ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்க, கீழவையில் இறுதி வாக்கெடுப்பே வைக்காமல் அரசியல் சட்டத்தின் 49.3 பிரிவைப் பயன்படுத்தினார்கள். தெருவெல்லாம் போராட்டம்.

தாமரை:
ஓய்வூதியக் கணக்குப் போடுவதுதான் என் வேலையாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தனிக்கணக்குக்கு மாறும் அன்றே ஒரு பெரிய ஓட்டை விழும். உங்கள் பிடித்தம் உங்கள் கணக்குக்குப் போய்விட்டால், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு யார் கொடுப்பது? அரசு வரி போட்டோ கடன் வாங்கியோதான் கொடுக்க வேண்டும். நடுவில் மாட்டும் தலைமுறை தன் முதுமைக்கும் கட்டுகிறது, பெற்றோர் தலைமுறைக்கும் கட்டுகிறது.

சிலி 1981-இல் இப்படி மாறியது. ராணுவ ஆட்சி, எதிர்த்துப் பேச வழியில்லை. சம்பளத்தில் 10 சதவீதம் தொழிலாளியே கட்ட வேண்டியிருந்தது, முதலாளியின் பங்கு அப்போது கிடையாது. ராணுவத்தையும் காவல்துறையையும் மட்டும் பழைய முறையிலேயே விட்டுவைத்தார்கள். எந்தச் சீர்திருத்தத்திலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: யாருக்கு விலக்கு? அவ்வப்போது மட்டும் வேலை கிடைத்தவர்களுக்கும், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்களுக்கும் கணக்கில் சொற்பமே சேர்ந்தது. கடைசியில் 2008-இல் வரிப்பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் கொண்டுவர நேர்ந்தது.

தனிக்கணக்கு என்றால் அரசு கைவைக்காது என்றும் நம்பாதீர்கள். அர்ஜென்டினா 2008-இல் தனியார் கணக்குகளை மொத்தமாக எடுத்துக்கொண்டது. அப்புறம் ஹங்கேரி. போலந்து 2014-இல் பாதிக்கு மேல் எடுத்தது. பின்னிரண்டு நாடுகளிலும், அந்த ஓட்டையை அடைக்க வாங்கிய கடனும் சேர்ந்துதான் நெருக்கியது.

இளவேனில்:
அப்படியானால் எங்குமே ஒழுங்காக நடக்கவில்லையா?

தாமரை:
ஸ்வீடனைச் சொல்வேன். 1994-இல் ஐந்து கட்சிகள் உடன்பட்ட பிறகே கைவைத்தார்கள். சம்பளத்தில் 16 சதவீதம் வழக்கம்போல இன்றைய ஓய்வூதியர்களுக்குப் போகும், ஆனால் உங்கள் பேரில் வரவு எழுதப்படும். 2.5 சதவீதம் மட்டும் முதலீடு. திட்டத்துக்கு வரும் பணமும் அது கொடுக்க வேண்டிய ஓய்வூதியமும் பொருந்தாவிட்டால் ஓய்வூதியம் தானாகக் குறையும். அங்கும் 2010-இல் முதல் வெட்டு விழ இருந்தபோது, தேர்தல் ஆண்டு என்பதால், வெட்டைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பி முதியவர்களின் வரியையும் குறைத்தார்கள். ஆனாலும் அமைப்பு நிற்கிறது.

வயதை உயர்த்துவது தவறில்லை. நேரத்தோடு சொல்ல வேண்டும். பிரிட்டன் பெண்களின் ஓய்வூதிய வயதை 60-இலிருந்து 65 ஆக்க 1995-இலேயே சட்டம் போட்டு, 2011-இல் இன்னும் வேகப்படுத்தியது. 1950-களில் பிறந்த பெண்கள் பலர், தங்களுக்குத் தனியாகக் கடிதம் வரவே பல வருடம் ஆனது என்று இன்றும் போராடுகிறார்கள். ஓய்வை எதிர்பார்த்து வேலையை விட்டுவிட்ட ஒருத்தியிடம் இன்னும் ஐந்தாறு வருடம் பொறு என்றால், அவள் எங்கே போவாள்? எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம்.

கரிகாலன்:
தனியார் நிறுவனங்களிலும் இதே கதைதான். கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியத்தை எங்கள் நிறுவனம் புதியவர்களுக்கு மூடிவிட்டது. இப்போது முதலீட்டுக் கணக்கு மட்டுமே.

தாமரை:
அதாவது, சந்தை விழுந்தால் இழப்பு இனி உங்களுடையது. இளவேனில், உங்களுக்கும் அப்படியொரு கணக்கு இருந்தால் நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு 1 சதவீதம் என்பது சின்னதாகத் தெரியும், 40 வருடத்தில் சேர வேண்டிய தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.