மாங்கொட்டையை விழுங்கப் பார்க்கும் நாய்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. சீசன் வந்துவிட்டதால் தரையெல்லாம் செந்தூராவும் பெங்களூராவும் உதிர்ந்து கிடக்கின்றன. எங்கள் மணி, நாட்டு நாய்தான், பழத்தைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். கொட்டையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கிறான். அது குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன் வரைக்கும் போய்விடும். திரும்பத் திரும்ப வாந்தி, சோறு இறங்காமை, மலம் வராமல் முக்குவது என்றால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நேற்று ஒரு கொட்டையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். பிடுங்கப் போனால் அவசரத்தில் முழுங்கிவிடுவான் என்று அவித்த முட்டையைக் காட்டினேன். எச்சில் வழியும் கொட்டையைத் துப்பிவிட்டு வாலாட்டிக்கொண்டு வந்தான். தினமும் முட்டைக்கு எங்கே போவது!

கட்டிப்போடச் சொல்லாதீர்கள், தோப்புக்குக் காவலே அவன்தான். வாய்க்கூடு போடலாமா? துணியில் இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம். இந்த வெயிலில் நாக்கை நீட்டி மூச்சு வாங்கினால்தான் நாய்க்கு உடம்புச் சூடு தணியும். தண்ணீர் குடிக்கத் தோதாக, கூடை மாதிரி இருப்பது கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ எங்கே கிடைக்கும்? அப்புறம், ராத்திரியிலும் பார்க்கிற, எக்ஸ்ரே வசதியுள்ள கால்நடை மருத்துவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா?