காப்புரிமை முடிந்த கட்டுரைகள் ஒலிநூலாக: பிழைகேட்க ஆள் தேவை

தன்னார்வலர்கள் வாசிக்கும் இலவச ஒலிநூல்களை வெளியிடும் லிப்ரிவாக்ஸ் தளத்துக்காகப் பழைய கட்டுரைகளைப் பதிவு செய்துவருகிறோம். வாசிக்கப் பலர் முன்வருகிறார்கள். மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்டு, விடுபட்ட வரி, இருமுறை வந்த வாக்கியம், நீண்ட மௌனம் எங்கே என்று நிமிடம், நொடியோடு குறித்துத் தருபவர்கள்தான் குறைவு. ஹெட்போன் இருந்தால் போதும். உச்சரிப்பையும் நடையையும் திருத்த வேண்டாம், அது வாசிப்பவர் உரிமை.

வாசிக்க விரும்புவோருக்கு: 44.1 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ், மோனோ எம்பி3. ஒலியளவு 89 டெசிபெல்லை ஒட்டி. முடிவில் 5 நொடி மௌனம் விடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். இரைச்சலைப் பிறகு மென்பொருளால் அகற்றலாம் என்று விட்டால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். 'ப' வெடித்தால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

நூல் தேர்வில் ஒரு கண்ணி உண்டு. மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு. அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பதிப்பே வெளியாகி 95 ஆண்டு கடந்திருந்தால் கவலையில்லை. புதிய முன்னுரை, அடிக்குறிப்புகளையும் வாசிக்காதீர்கள்.

இன்னொரு உதவி: கட்டுரைகளுக்கு நடுவே லத்தீன், கிரேக்க மேற்கோள்கள் வந்து வாசிப்பவர்களைத் தடுக்கின்றன. அவற்றை உச்சரித்துக் காட்டிச் சிறு பதிவு அனுப்பக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?