பழைய சைலன்சர் மாட்டியும் சத்தம் நிற்கவில்லை, அவசரம்

முடோன்காரன்
வணக்கம், பர்மாவில் முடோனிலிருந்து எழுதுகிறேன். என் மோட்டார் சைக்கிளுக்கு செகண்ட்ஹேண்ட் சைலன்சர் ஒன்று வாங்கி இன்று மதியம் மாட்டினேன். சத்தம் பயங்கரமாக வருகிறது, ஓட்டை விழுந்த பழைய சைலன்சரே பரவாயில்லை போலிருக்கிறது. நாளைக் காலை அம்மாவை மோல்மீன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு ரைடர்
என்ன வண்டி தம்பி? எத்தனை சிசி? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? சைலன்சர் எந்த வண்டியில் இருந்து கழற்றியது?

பாகக்கடை அக்கா
தம்பி, சத்தம் எங்கிருந்து வருகிறது? இன்ஜின் பக்கமா, வால் பக்கமா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சைலன்சரும் முன்குழாயும் ஒரே துண்டா, இல்லை நடுவில் கிளாம்ப் போட்டு இணைக்கிற மாதிரியா? போட்டோ இருந்தால் போடு.

தட்டோன் அண்ணன்
விவரம் வரும்வரை ஒன்று சொல்லி வைக்கிறேன். கடையில் மாதக்கணக்கில் கிடந்த சைலன்சர் என்றால் வால் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எங்கள் பக்கம் இது சாதாரணம். கூடு அடைத்தால் புகை போக வழி இல்லாமல் முன் இணைப்பு வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் ஒரு நீளக் கம்பியை உள்ளே விட்டுப் பார். கையால் தட்டிப் பார், உள்ளே ஏதாவது உருண்டால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

மோல்மீன் பட்டறை
இங்கே வருகிற எல்லோருக்கும் ஒரே பழக்கம். வண்டி பெயர் இல்லை, சிசி இல்லை, இணைப்பில் கசிவு வராமல் வைக்கிற கேஸ்கட் வளையம் புதிதா பழையதா என்று ஒரு வார்த்தை இல்லை, ஆனால் அவசரம் மட்டும் இருக்கிறது. நான் சைலன்சர் கழற்றி மாட்ட ஆரம்பித்தபோது இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டார்கள். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் டாக்டர் மருந்து எழுத முடியாது. முதலில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு பிறகு ஸ்பேனரைத் தொட வேண்டும்.

பாகக்கடை அக்கா
அண்ணே, பையன் அம்மாவுக்காக அலைகிறான். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முடோன்காரன்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். வண்டி சீன 125 சிசி, ஹோண்டா வேவ் மாதிரி உருவம், கார்புரேட்டர். சைலன்சர் எல்லை ஊரான மியாவடி வழியாக வந்த தாய்லாந்துப் பழைய சாமான், எந்த வண்டியினுடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. முன்குழாயோடு ஒரே துண்டு. இன்ஜின் ஹெட்டில் (மேல் பாகத்தில்) இருக்கிற இரண்டு ஸ்டட்டும், அதாவது குழாயைப் பிடிக்கிற மரைக் கம்பிகளும், சரியாகப் பொருந்துகின்றன. சத்தம் முன்பக்கம்தான், டபடபவென்று. ஆக்சிலேட்டரை விட்டால் டப் டப் என்று வெடிக்கிறது.

பெகு ரைடர்
வெடிக்கிறதா! அப்போது சந்தேகமே வேண்டாம், இது ஜெட் விஷயம், கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை. நீ மாட்டிய சைலன்சர் தடை குறைந்த திறந்த வகை, உன் இன்ஜினுக்கு பேக் பிரஷர், அதாவது புகைக்கு எதிர் அழுத்தம், போதவில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகப் போடு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார், வெள்ளையாக இருந்தால் நான் சொன்னதுதான். சாலையோரம் பாட்டிலில் விற்கிற பெட்ரோலையும் நிறுத்து, நல்ல பம்பில் 92 ஆக்டேன் போடு.

தட்டோன் அண்ணன்
பெகு தம்பி, கொஞ்சம் பொறு. ஆக்சிலேட்டரை விட்டவுடன் வெடிப்பது பெரும்பாலும் ஹெட் இணைப்பில் கசிவு இருப்பதால்தான். இன்ஜினில் இருந்து புகை ஒவ்வொரு அடியாகத்தான் வெளியே போகிறது, ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் குழாய்க்குள் ஒரு கணம் உறிஞ்சல் உண்டாகும். இணைப்பு சரியில்லை என்றால் அந்த நேரம் வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது எரியாத பெட்ரோல் ஆவி குழாயில் மிச்சம் இருக்கும், அதோடு இந்தக் காற்று சேர்ந்து சூட்டில் பற்றிக்கொள்ளும். அதுதான் அந்த டப் டப். ஜெட்டைத் தொடுவதற்கு முன் கசிவை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஜெட் போட்டாலும் பிளக் நிறம் பொய்தான் சொல்லும்.

பெகு ரைடர்
நான் கசிவு இல்லை என்று சொல்லவில்லை. பேக் பிரஷர் இல்லாமல் இழுவை வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் நண்பன் ஒருவன் உள்தடுப்பை வெட்டி எடுத்துவிட்டு மேட்டில் ஏற முடியாமல் திண்டாடினான்.

தட்டோன் அண்ணன்
அவன் திண்டாடியது உண்மையாக இருக்கலாம், காரணம் வேறு. புகையை வெளியே தள்ளுவதற்கு இன்ஜின் கஷ்டப்பட வேண்டும் என்றால் அதில் லாபம் எங்கே இருக்கிறது? குழாயின் நீளமும் அகலமும் புகையின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. வேகமாகப் போகிற புகை பின்னால் ஒரு இழுப்பை விட்டுச் செல்லும், அந்த இழுப்பு சிலிண்டரில் மிச்சம் இருக்கிற புகையையும் கூட்டிப் போகும். தடுப்பை வெட்டியதும் அந்த அளவு மாறிவிட்டது, கலவையும் மாறிவிட்டது, அதனால் கீழ் வேகத்தில் இழுவை போனது. தடை தேவை என்பதல்ல, வேகம் தேவை.

மோல்மீன் பட்டறை
இரண்டு பேரும் பாடம் நடத்தி முடித்துவிட்டீர்களா? கேள்வி கேட்டவனிடம் கேஸ்கட் பற்றி இன்னும் யாரும் பதில் வாங்கவில்லை. அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

தோட்டத்துத் தம்பி
முடோன் அண்ணே, நான் தன்பியூசயாட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். எனக்கும் ஒரு முறை இப்படித்தான் இருந்தது. குளிர்பான டின்னைக் கத்தரித்துக் குழாய் முனையில் இரண்டு சுற்று சுற்றி மாட்டினேன், சத்தம் குறைந்தது. அவசரத்துக்கு அது போதும்.

பாகக்கடை அக்கா
பின்னால் கிளாம்ப் இணைப்பில் என்றால் சில நாள் தாங்கும் தம்பி. ஹெட் வாயில் அது ஆகாது. அந்த டின் அலுமினியம், 660 டிகிரியில் உருகிவிடும், இன்ஜின் வாயில் வருகிற சூட்டுக்கு அருகில் அதை வைக்கக் கூடாது. அங்கே போட வேண்டியது வட்டமான கேஸ்கட், செம்பு அல்லது உலோகம் சுற்றிய வகை. விலை ஒன்றும் பெரிதல்ல. அது நசுங்கித்தான் வேலை செய்யும், ஒரு முறை நசுங்கினால் மறுமுறை பிடிக்காது. ஒவ்வொரு முறை சைலன்சர் கழற்றும்போதும் புதிது போட வேண்டும்.

முடோன்காரன்
கேஸ்கட் புதிதாகத்தான் போட்டேன். நட்டையும் நன்றாக இறுக்கினேன். அப்புறம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், பின்னால் போல்ட் ஓட்டை ஒரு விரல் அளவுக்குத் தள்ளி இருந்தது, காலால் மிதித்து இழுத்து மாட்டிவிட்டேன். சைலன்சரின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் தண்ணீர் சொட்டுகிறது. அதை வெல்டிங் வைத்து அடைத்தால் சரியாகுமா?

ரங்கூன்வாசி
அடைத்துவிடு தம்பி, ஓட்டை என்றால் சத்தம் வரத்தானே செய்யும். எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே இல்லை, 2003-லிருந்து நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளே ஓட்டக் கூடாது. பஸ்தான்.

தட்டோன் அண்ணன்
அடைக்கவே கூடாது! அது தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்த ஓட்டை. பெட்ரோல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். சைலன்சர் சூடாக இருக்கும்போது அது ஆவியாகவே போய்விடும், குளிர்ந்திருக்கும்போது உள்ளேயே தங்கும். அந்த ஓட்டையை அடைத்தால் தண்ணீரும் புகையில் இருக்கிற அமிலமும் சேர்ந்து உள்ளிருந்து தின்னும். மழைக்காலத்தில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடி நிறுத்துகிற வண்டிகளில் சைலன்சர் அடியில்தான் முதலில் துரு பிடிக்கும், காரணம் இதுதான். செட்சே கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெளியே உப்புக்காற்று, உள்ளே தண்ணீர், இரண்டு பக்கமும் அரிப்பு.

ரங்கூன்வாசி
அப்படியா, தெரியாமல் போயிற்று. ஆனால் தாய்லாந்து பழைய சாமானுக்கு ஏன் அலைகிறார்கள் என்று புரியவில்லை. எல்லை ஊரான மூசே வழியாக வருகிற சீனச் சாமான் புதிதாகவே கிடைக்கிறதே.

பெகு ரைடர்
புதிது கிடைக்கிறது, தகடு காகிதம் மாதிரி இருக்கிறது. ஒரு மழைக்காலம் தாண்டாது. தாய்லாந்துப் பழையது கையில் தூக்கினாலே கனம் தெரியும்.

தோட்டத்துத் தம்பி
எல்லாச் சீனச் சாமானும் அப்படி இல்லை அண்ணே. எங்கள் தோட்டத்தில் ஓடுகிற வண்டி எல்லாமே சீனம்தான், அதிலும் பாதி லைசென்ஸ் இல்லாத விதௌட் வண்டி. ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு சேற்றில்தான் தினமும் போகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நிற்கும்.

பெகு ரைடர்
பார்த்துக்கொண்டால் எதுவும் நிற்கும். பார்த்துக்கொள்ளாமலே நிற்பது எது என்றுதான் கேட்க வேண்டும்.

மோல்மீன் பட்டறை
சீனமா தாய்லாந்தா என்று வேறு இடத்தில் பேசிக்கொள்ளுங்கள். முடோன் தம்பி, உன் கடைசிப் பதிவில்தான் விஷயம் இருக்கிறது. மிதித்து இழுத்து மாட்டினேன் என்கிறாய். அதைச் செய்தால் முன்னால் பிளேன்ஞ், அதாவது ஸ்டட் நுழைகிற குழாய் முனைத் தகடு, சாய்ந்துதான் நிற்கும். கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி இருக்கும். ஹெட் அலுமினியம், ஸ்டட் சின்னது. சாய்ந்த நிலையில் இறுக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் ஸ்டட் முறியும், இல்லாவிட்டால் மரை பிய்த்துக்கொண்டு வரும். பிறகு ஹெட்டைக் கழற்றி மரை போட வேண்டியிருக்கும், அது சைலன்சர் விலையைப் போல பல மடங்கு.

செய்ய வேண்டியது இது. இன்ஜின் நன்றாக ஆறட்டும். நட்டு வர மறுத்தால் டீசலோ கெரசினோ ஊற்றி ஊறவிடு, முரட்டுத்தனமாகத் திருப்பாதே. சைலன்சரை முழுதாகக் கழற்று. டார்ச் அடித்து ஹெட் வாய்க்குள் பார். பழைய கேஸ்கட் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கரி பிடித்து ஹெட்டோடு ஹெட்டாகத் தெரியும், புது ஆட்களுக்கு அது கேஸ்கட் என்றே தோன்றாது. அதன்மேல் புதியதை வைத்தால் குழாய் முழுதாக உட்காராது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடு, அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள். அப்புறம் புதிய கேஸ்கட் போட்டு, முன் நட்டு இரண்டையும் கையால் மட்டும் ஏற்று. பின்போல்ட்டையும் கையாலேயே செருகு. ஓட்டை பொருந்தவில்லை என்றால் இழுக்காதே, இடைவெளிக்கு வாஷரோ சின்ன இரும்புப் பட்டையோ வைத்துச் சேர். எல்லாம் தளர்வாகத் தொங்கி, தானாக ஒரு நிலையில் நின்ற பிறகு முன் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. கடைசியாகத்தான் பின்போல்ட்.

பாகக்கடை அக்கா
அண்ணன் இவ்வளவு நன்றாகச் சொல்வார் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே கேட்டிருப்பேன். நான் ஒன்று சேர்க்கிறேன். மாட்டிய பிறகு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவு, நுரை வந்தால் கசிவு. சூடேறிய பிறகு தடவாதே, கை சுடும். கொஞ்ச நேரம் புகை வரும், பழைய சைலன்சரில் ஒட்டியிருக்கிற எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். மழை பெய்கிறது என்று கொட்டகைக்குள் ஓடவிட்டுப் பார்க்காதே தம்பி. கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை இல்லை, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். வெளியே வைத்துப் பார்.

பெகு ரைடர்
கேஸ்கட் போட்டும் வெடித்தால் ஜெட்டுக்கு வா தம்பி, நான் இருக்கிறேன்.

தட்டோன் அண்ணன்
குளவிக்கூடு பார்த்தாயா இல்லையா?

ரங்கூன்வாசி
தம்பி என்ன ஆயிற்று? அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார்களா?

தோட்டத்துத் தம்பி
முடோனில் நேற்று ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. அதனால் பதில் போட முடியவில்லை போல.

பாகக்கடை அக்கா
வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, மோல்மீனுக்கு ஏறக்குறைய 18 மைல்தான், ஆள் ஏற்றுகிற லைன்கார் போகிறது. அம்மாவை அதில் கூட்டிப் போனாலும் போதும். சைலன்சர் காத்திருக்கும்.

முடோன்காரன்
அம்மாவை லைன்காரில் கூட்டிப் போனேன், நலம். பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி பழைய கேஸ்கட் உள்ளே இருந்தது. எடுத்து, புதிது போட்டு, பின்னால் இரண்டு வாஷர் வைத்தேன். சத்தம் நின்றது. வெடிப்பும் இல்லை. குளவிக்கூடு இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மோல்மீன் பட்டறை
நாளைக்கு வண்டி ஆறியிருக்கும்போது முன் நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கு. கேஸ்கட் சூட்டில் இன்னும் கொஞ்சம் படியும், நட்டு தளர்ந்திருக்கும். அடுத்த முறை வண்டி பெயரை முதல் வரியிலேயே எழுது.

பெகு ரைடர்
பிளக் நிறத்தையும் ஒரு தடவை பார்த்துவிடு.