பெரிய வீட்டுச் சொந்தங்கள்: ஒகேனக்கல் காதுகுத்து

வெள்ளி இரவு

உமா: ஞாயிறு காலை 9 மணிக்குத் தேசநாதீஸ்வரர் கோயிலில் குட்டிக்கு மொட்டை, காதுகுத்து. கார்த்தி, தாய்மாமன் மடி இல்லாமல் ஒன்றும் நடக்காது. நேரத்துக்கு வந்துவிடு.

கார்த்தி: சனி இரவே பென்னாகரம் வந்துவிடுவேன் அக்கா.

செல்வி அத்தை: [குரல் பதிவு]

செல்வி அத்தை: இதை எல்லாரும் கேளுங்க. கர்நாடகாவில் அணையைத் திறந்துவிட்டார்களாம். ஒகேனக்கல்லில் வெள்ளமாம். மண்டபத்துக்கு மாற்றிவிடலாமா?

உமா: அய்யோ. இப்போது மண்டபத்துக்கு எங்கே போவது?

தமிழ்: அத்தை, இது பழைய ஆடியோ

ரமேஷ் சித்தப்பா: போன வருஷமும் இதே குரல்தான்.

பெரியப்பா: யாரும் பதற வேண்டாம். காலையில் ஊட்டமலைக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாறை முழுக்க வெளியே நிற்கிறது. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறதே, அங்கே விநாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் கீழே. கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பின்படி நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி.தான். ஒரு டி.எம்.சி. என்றால் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடுகிற தண்ணீர். 2.5ஐ முப்பது நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், 965 கன அடிதான். 2018 ஆகஸ்டில் ஒரு லட்சத்துக்கு மேல் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். கர்நாடகாவின் கே.ஆர்.எஸ். அணையில் இன்றைக்கே திறந்தாலும் இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும்.

ரமேஷ் சித்தப்பா: சரி அண்ணா. சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?

பெரியப்பா: அதைச் செல்வி சொல்வாள். நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். காதுகுத்து முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையோரப் பாறையில் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று இருக்கிறேன். இந்த அளவு தண்ணீரில்தான் ஆறு தன் எலும்பைக் காட்டும். அப்பா சித்திரையில் எங்களை நடக்க வைத்தது அதற்காகத்தான். ஆடியில் எந்த இடத்தில் அலை எழும்பும், எங்கே சுழி போடும் என்பதற்கெல்லாம் காரணமான கல்லை இப்போது கையால் தொட்டுப் பார்க்கலாம்.

தமிழ்: நான் வருகிறேன்

கார்த்தி: பெரியப்பா, காவிரியில் வந்து சேரும் சின்னாற்றுக்குள் ஏறி நடக்கலாமா? வரைபடத்தில் பாறைப் படுகை அழகாகத் தெரிகிறது. அங்கே இப்போது தண்ணீரே இருக்காது.

பெரியப்பா: கூடாது. மேலே போனால் காப்புக்காடு. 2022இல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் வேறு அறிவித்துவிட்டார்கள், 686 சதுர கிலோமீட்டர். அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு. கோடையில் யானை தண்ணீருக்கு இறங்குகிற வழியும் அதுதான். கரையிலும் எங்கே நடக்கலாம் என்று நாளைக்குக் கேட்டுவிடுகிறேன், அவர்கள் விட்ட இடத்தில் மட்டும்தான்.

செல்வி அத்தை: முதலை?

பெரியப்பா: உண்டு. தண்ணீர் குறைந்தால் முதலையும் ஆழமான மடுவுக்குள் ஒதுங்கும். அதனால் அசையாமல் கிடக்கிற மடுவின் ஓரம் யாரும் போகக் கூடாது. குளிப்பது என்றால் குளிக்க விடுகிற இடத்தில் மட்டும்.

செல்வி அத்தை: அப்போ நான் பாட்டியம்மா கூட மண்டபத்திலேயே இருக்கிறேன்.

உமா: மண்டபமே இல்லை அத்தை.

ரமேஷ் சித்தப்பா: அப்பா பெயர் வந்ததால் கேட்கிறேன். அப்பாவின் பரிசல் துடுப்பு யார் வீட்டில் இருக்கிறது?

பெரியப்பா: என் வீட்டுப் பரணில். எப்போதும் அங்கேதான்.

ரமேஷ் சித்தப்பா: எப்போதும் என்று இல்லை. அம்மா எனக்குத் தருவதாகச் சொன்னது.

செல்வி அத்தை: டேய், குழந்தை விசேஷத்தில் இது வேண்டாம்.

தமிழ்: பாட்டியம்மா சொல்லச் சொல்கிறார்கள்: துடுப்பை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டும், யாருக்கு என்று நான் சொல்கிறேன்

உமா: சாப்பாடு சைவமா, கறியா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

செல்வி அத்தை: கோயிலில் சைவம். அப்புறம் மீன்.

ரமேஷ் சித்தப்பா: காதுகுத்துக்குக் கறி இல்லாமலா?


சனி மதியம்

பெரியப்பா: பிள்ளைகளின் பெற்றோர் கவனமாகப் படிக்கவும். செருப்பு வேண்டாம். கயிறு கட்டிய கேன்வாஸ் ஷூ போட்டு அனுப்புங்கள், நனைந்தால் பரவாயில்லை. வெளுத்துக் காய்ந்த பாறையில் கால் பிடிக்கும். கறுத்த பாறை காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, ஈரம் பட்டால் வழுக்கும். பச்சையாக மயிர்போல் பாசி படர்ந்த இடத்தை மிதிக்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு மூங்கில் தடி நான் வெட்டி வைத்திருக்கிறேன். பாறை இடுக்கில் இலை மூடியிருந்தால் தடியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கால். இன்னொன்று, பாறைக்கு அடியில் தண்ணீர் குடைந்துகொண்டு போயிருக்கும். மேலிருந்து பார்த்தால் முழங்கால் அளவு என்று தோன்றும், தடியை விட்டால் தடி முழுக்க உள்ளே போகும். பரிசலில் போன எத்தனையோ பேரை ஆறு அந்த இடங்களில்தான் பிடித்துக்கொண்டது.

உமா: பெரியப்பா, இதைக் கேட்டால் அனுப்பவே பயமாக இருக்கிறது.

பெரியப்பா: பயம் இருக்கட்டும் அம்மா. தெரிந்துகொண்ட பயம் நல்லது.

கார்த்தி: நானும் ஒன்று சேர்க்கிறேன். ஓடுகிற தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே எழுந்து நிற்கக் கூடாது. கால் கல் இடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் தள்ளி அமுக்கிவிடும், இடுப்பளவுத் தண்ணீரே போதும். மல்லாந்து படுத்து, காலை ஓட்டத்தின் திசையில் நீட்டிக்கொண்டு, ஆழம் குறைந்த பிறகுதான் எழ வேண்டும். பயிற்சியில் முதல் நாளே இதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

பெரியப்பா: அப்பாவும் இதையேதான் சொல்வார். நல்லது கார்த்தி, நீ கடைசியில் நட, நான் முன்னால் நடக்கிறேன்.

தமிழ்: என்னென்ன பார்ப்போம் பெரியப்பா?

பெரியப்பா: முதலில் குழிகள். பாறையில் ஆட்டுக்கல் குழிபோல வட்டமாக, வழுவழுவென்று இருக்கும். சிலவற்றில் நீ தோள் வரை கை விடலாம். அடியில் முட்டைபோல் உருண்ட கூழாங்கல் கிடக்கும். வெள்ளக் காலத்தில் அந்தக் கல் சுழன்று சுழன்று குடைந்த குழிதான் அது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும். அப்புறம் அண்ணாந்து பார். கரை மரக் கிளையில் சருகும் கந்தலும் சிக்கியிருக்கும். வெள்ளம் அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நீ நடக்கிற இடத்துக்கு மேலே அத்தனை தண்ணீர் ஓடியதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் மணலில் நீர்நாய்த் தடம் பார்க்கலாம்.

ரமேஷ் சித்தப்பா: தொம்பச்சிக்கல் பக்கம் அப்பா பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை மேல் ஏறுவாரே, நினைவிருக்கிறதா அண்ணா?

பெரியப்பா: எப்படி மறக்கும். தோல் பரிசல், நனைந்தால் இரண்டு பங்கு கனம். நீ பின்னால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவாய்.

ரமேஷ் சித்தப்பா: அதைத்தான் சொல்கிறேன். துடுப்பைத் தூக்கியது நான்.

செல்வி அத்தை: மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்.

உமா: வேன் சொல்லியாகிவிட்டதா?

ரமேஷ் சித்தப்பா: போன தடவை வேன் காசே எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. யார் என்று சொல்லவில்லை.

செல்வி அத்தை: என் பங்கை அப்போதே உமாவிடம் கொடுத்துவிட்டேன்.

உமா: அத்தை, அது பூ காசு.


சனி மாலை

தமிழ்: இங்கே இடி. அஞ்செட்டியில் இருக்கும் நண்பன் நல்ல மழை என்கிறான்

உமா: பெரியப்பா?

பெரியப்பா: பார்த்தேன், வானம் அந்தப் பக்கம்தான் கறுத்திருக்கிறது. காவிரியில் அணைத் தண்ணீர் வந்தால் முன்கூட்டியே சொல்வார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, நாட்றாம்பாளையம் பக்கத்துக் கோடை மழை யாரிடமும் சொல்லிக்கொண்டு வராது. காட்டு ஓடை எல்லாம் ஒரே இரவில் ஆற்றில் இறங்கும். நாளைக்கு விடியும்போது போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், நேற்று நான் குறித்து வைத்த கல் மூழ்கியிருந்தாலும் நடை கிடையாது. யாரும் என்னை வற்புறுத்தக் கூடாது.

தமிழ்: கொஞ்சமாக ஏறியிருந்தால்?

பெரியப்பா: கொஞ்சமும் இல்லை தம்பி. ஏறுகிற ஆற்றில் பாறை மேல் நின்றால், திரும்பும் வழி முதலில் மூழ்கும்.

கார்த்தி: சரி பெரியப்பா. அப்படியானால் தொங்கு பாலத்தில் நின்று பார்க்கலாம், நீங்கள் அங்கிருந்தே காட்டுங்கள்.

பெரியப்பா: அதுவும் ஏறினால் மூடுவார்கள். காலையில் பேசுவோம்.

செல்வி அத்தை: மழை வந்தால் பந்தல்?

ரமேஷ் சித்தப்பா: தார்ப்பாய் என்னிடம் இருக்கிறது. வேனில் போட்டுக் கொண்டுவருகிறேன். வேன் 6 மணிக்கு.

உமா: 6 மணியா? 5:30 என்றுதானே சொன்னேன்.

ரமேஷ் சித்தப்பா: ஓட்டுநர் 6 என்கிறார்.

உமா: அப்போ மொத்தம் எத்தனை பேர்? சமையல்காரர் இன்னும் பத்து நிமிடத்தில் கேட்பார்.

செல்வி அத்தை: முப்பத்திரண்டு. மீன் என்றால் முப்பத்தைந்து.