பெஞ்சில் சரி, பிளான்ட்டில் தப்பு: இன்ஸ்ட்ருமென்ட் பழுதுகள், உங்கள் அனுபவம் எழுதுங்கள்

லூப்24

டேங்க் லெவல் 80 சதவீதத்தில் போய் நின்றுவிடும். இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டர் (லெவல் 0க்கு 4, 100க்கு 20 மில்லியாம்ப்; பவரும் அதே கம்பியில்), 24 வோல்ட் சப்ளை, டிசிஎஸ் (கன்ட்ரோல் ரூம் கணினி) கார்டில் 250 ஓம், பிற்பாடு சீரிஸில் சேர்த்த ரெக்கார்டரில் இன்னொரு 250 ஓம். 75 வரைக்கும், டேங்க் மட்டத்தை நேரில் காட்டும் கேஜ் கிளாஸோடு அச்சாக ஒத்துப்போகிறது. 16.8 மில்லியாம்ப் வந்ததும் அவ்வளவுதான், டேங்க் வழிந்தாலும் 80தான் காட்டும். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி பெஞ்சில் போட்டால் 20 வரை ஏறுகிறது. புதுசு மாட்டினாலும் அதே 80.

12 மில்லியாம்ப் ஓடும்போது ஒவ்வொரு இடமாக வோல்டேஜ் எடுத்தபோதுதான் பிடிபட்டது. கார்டில் 3.00, ரெக்கார்டரில் 3.00, ஒரு கிலோமீட்டர் 0.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் போக வர 0.86. ஜங்ஷன் பாக்ஸில் ஒரே ஒரு டெர்மினலின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் 1.68 வோல்ட்! சில மில்லிவோல்ட்கூட இருக்கக் கூடாத இடம். கணக்குப் போட்டால் 140 ஓம். கம்பி நுனியில் மாட்டும் குழலான ஃபெரூலைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

மொத்தம் 712 ஓம். 16.8 மில்லியாம்பில் 11.96 வோல்ட்டை லூப்பே தின்றுவிடுகிறது, டிரான்ஸ்மிட்டருக்கு மிஞ்சுவது 12. அதன் குறைந்தபட்ச வோல்டேஜும் 12தான். பாதி லெவலில் அதற்கு 15.5 வோல்ட் கிடைப்பதால் எந்தக் குறையும் தெரியாது.

மஞ்சள்கேபிள்

140 ஓம் என்றால் ஓம் ரேஞ்சிலேயே தெரிந்திருக்க வேண்டுமே சார்? பவரை ஆஃப் செய்து கண்டின்யூட்டி பார்த்தால் பீப் அடித்திருக்காதே.

லூப்24

அடித்தது. மீட்டர் முள்ளை ஃபெரூல் மேல் வைத்து அழுத்தும்போது களிம்புப் படலம் உடைந்து தொடர்பு வந்துவிடுகிறது. ஸ்க்ரூ தலையில் வைத்தால் கம்பிக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் இருக்கும் பழுது அளவுக்குள்ளேயே வராது. லூப் கரன்ட் ஓடட்டும், டெர்மினலை அழுத்தாமல், இரு பக்கமும் கம்பியின் செம்பில் முள்ளை வைத்து மில்லிவோல்ட் எடுங்கள்.

கன்ட்ரோல்ரூம்

லூப்24 சார், டெர்மினலை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று எழுதியிருந்தால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 140 ஓமைக் கழித்தால் 572. 12 வோல்ட்டை 572ஆல் வகுத்தால் 20.98 மில்லியாம்ப். லெவல் 100 வரை காட்டும், சரி. ஆனால் சென்சார் செத்தால் டிரான்ஸ்மிட்டர் மேலே போய்ச் சொல்ல வேண்டிய ஃபால்ட் கரன்ட்? நாமூர் என்ற தொழில் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி அது 21 அல்லது அதற்கு மேல். உங்கள் லூப்பால் 21ஐத் தொடவே முடியாது. கார்டு அதை "டேங்க் நிறைந்தது" என்றுதான் எடுத்துக்கொள்ளும், "சென்சார் பழுது" என்று ஒருபோதும் சொல்லாது. மறைந்திருக்கும் பழுதிலேயே மோசமானது இது, ஏனென்றால் தேவைப்படும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

தீர்வு ரெக்கார்டரில் இருக்கிறது. அதன் 250 ஓமை எடுத்துவிட்டு, 1-5 வோல்ட் இன்புட்டாக மாற்றி, கார்டின் 250 ஓமுக்கு இணையாகப் போடுங்கள். அந்த இன்புட்டின் எதிர்ப்பு ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருந்தால் அளவு கெடாது. லூப் 322 ஓமுக்கு இறங்கும், 22 மில்லியாம்பிலும் டிரான்ஸ்மிட்டருக்கு 16.9 வோல்ட் இருக்கும். டிரான்ஸ்மிட்டரோடு லூப் கம்பி வழியே பேசும் கைக்கருவியான ஹார்ட் கம்யூனிகேட்டருக்குத் தேவையான 250 ஓமும் லூப்பிலேயே இருக்கிறது. ரெக்கார்டர் தரையோடு பொதுவான பாயின்ட் உள்ளதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் இரண்டையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசொலேட்டர் வேண்டும்.

இன்னொன்று. லூப் செக் என்றால் 4, 8, 12, 16, 20 என்று ஐந்து பாயின்ட் போட்டு நிறுத்திவிடுகிறோம். கம்யூனிகேட்டரில் லூப் டெஸ்ட் போட்டு 3.6, 22 என்ற இரண்டு ஃபால்ட் அளவையும் தள்ளிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். லூப்பை மேனுவலில் போட்டு, டிரிப் இன்டர்லாக்கை அனுமதி வாங்கி பைபாஸ் செய்த பிறகுதான், அதை மறக்க வேண்டாம்.

மஞ்சள்கேபிள்

உலை 80 டிகிரி குறைவாகக் காட்டியது. கே டைப் தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பி சேர்ந்த சூடு சென்சார்). காலையில் உலை ஆறிக் கிடக்கும்போது செக் செய்தால் மிகச் சரி. தெர்மோகப்பிளும் கேபிளும் சேரும் பெட்டியான ஹெட்டில் இரண்டு கம்பியையும் ஷார்ட் செய்து பார்த்தார்கள். ஹெட் சூடு 70, பேனல் ரூம் 30. கேபிள் சரியாக இருந்தால் டிஸ்ப்ளே 70 காட்ட வேண்டும். காட்டியது மைனஸ் 10!

அமெரிக்க நிறத்தில் கே டைப்புக்கு மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ்ஸில் போட்டிருக்கிறார்கள், இரண்டு முனையிலும். இரண்டு தப்பு சேர்ந்ததால் டிஸ்ப்ளே சூட்டோடு ஏறத்தான் செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. பிழை, ஹெட்டுக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசத்தின் இரண்டு மடங்கு: 40 இரண்டு தடவை, 80. இரண்டு இடமும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை பூஜ்யம். ஐஇசி நிறத்தில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நிறத்தை நம்ப முடியவில்லை என்றால் தெர்மோகப்பிள் கம்பியில் காந்தம் வையுங்கள், புதுக் கம்பியில் ஒட்டுவது நெகட்டிவ்.

தராசுமுள்

மழைக்காலத்தில் வே பிரிட்ஜ், அதாவது லாரி எடை மேடை. காலையில் பூஜ்யம் 60, 65 கிலோ ஏறி நிற்கும், வெயில் வந்து மதியம் ஆனால் தானாக இறங்கிவிடும். சர்வீஸ் ஆள் வருவது எப்போதும் மதியம். "ஒன்றும் இல்லை" என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போவார்.

30 டன் லோட் செல் (எடை சென்சார்) நான்கு, முழு எடையில் 2 மில்லிவோல்ட்/வோல்ட், எக்ஸைட்டேஷன் (செல்லுக்குக் கொடுக்கும் சப்ளை) 10 வோல்ட். மொத்தம் 120 டன்னுக்கு 20 மில்லிவோல்ட், அதாவது ஒரு கிலோவுக்கு 0.17 மைக்ரோவோல்ட். ஜங்ஷன் பாக்ஸ் போர்டில் எக்ஸைட்டேஷன் பிளஸ்ஸிலிருந்து சிக்னல் பிளஸ்ஸுக்கு ஈரம் வழியாக வெறும் 20 மெகாஓம் கசிவு இருந்தால் போதும். சிக்னல் பாயின்ட் 5 வோல்ட்டில் நிற்கிறது, ஆக 0.25 மைக்ரோஆம்ப். நான்கு 350 ஓம் செல் இணையாக இருக்கும்போது அந்த முனையின் எதிர்ப்பு சுமார் 44 ஓம். பெருக்கினால் 11 மைக்ரோவோல்ட், அதாவது 65 கிலோ. கண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரியாது. போர்டின் மேல் படிந்த மண்ணும் பழைய ஃப்ளக்ஸும் காற்றின் ஈரத்தை இழுத்ததே காரணம்.

பிழை இருக்கும் நேரத்தில், அதாவது விடியற்காலையில், பார்க்க வேண்டும். செல்களை ஒவ்வொன்றாக பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய செல்லில் அவுட்புட் எதிர்ப்பு 350க்கு அருகில், இன்புட் அதைவிடக் கொஞ்சம் அதிகம். கம்பிகளுக்கும் செல் பாடிக்கும் இடையில் 50 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் 5000 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நான்கு செல்லும் தேறிவிட்டால் குற்றவாளி பாக்ஸ். 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரான மெக்கரைத் தயவுசெய்து தொடாதீர்கள், அதிலும் எடை காட்டும் இண்டிகேட்டரைக் கழற்றாமல் போட்டால் அதன் இன்புட் ஐசி அங்கேயே போய்விடும்.

போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, வெதுவெதுப்பான காற்றில் காயவையுங்கள். கேபிள் நுழையும் கிளாண்ட் எல்லாம் கீழ்நோக்கி, உபயோகிக்காத ஓட்டைகளுக்கு பிளக், உள்ளே சிலிகா ஜெல் பை. பாக்ஸை சிலிகான் போட்டு அடைப்பவர்கள் வினிகர் வாசனை வரும் சிலிகானை வாங்கவே கூடாது. அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது, மூடிய பெட்டிக்குள் செம்பையும் சால்டரையும் அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். மேடையில் வெல்டிங் நடந்தால் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். எங்கோ தூரத்தில் போட்டால் கரன்ட் லோட் செல் வழியாகப் போகும், அப்போது நான்கில் எது போனது என்று தேட வேண்டிய வேலை வேறு.

உலைவாசல்

மஞ்சள்கேபிள் சொன்ன காந்தச் சோதனையை உலையிலிருந்து வந்த பழைய தெர்மோகப்பிளுக்குச் செய்தால் ஏமாந்து போவீர்கள். ஏறக்குறைய 815 முதல் 1040 டிகிரிக்குள், ஆக்ஸிஜன் குறைவான குறுகலான உறைக்குள் ஓடிய கே டைப்பில் பாசிட்டிவ் கம்பியின் குரோமியம் மட்டும் ஆக்ஸைடாகப் பிரிந்துவிடும். பச்சை நிறமாகும், காந்தமும் ஒட்டும். கிரீன் ராட் என்பது இதுதான். ரீடிங் குறையும், கன்ட்ரோலர் எரிபொருளைக் கூட்டும், உலை உண்மையில் செட் பாயின்ட்டுக்கு மேலே போய்விடும், திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்.

இதில் உறுத்துவது அந்தத் தெர்மோகப்பிளை லேபுக்கு அனுப்பியபோது பாஸ் ஆகி வந்ததுதான். வந்ததும் திரும்ப மாட்டினார்கள். தெர்மோகப்பிளின் வோல்டேஜ் நுனி ஜாயின்ட்டில் பிறப்பதில்லை, கம்பி நெடுக எங்கே சூடு மாறுகிறதோ அங்கே பிறக்கிறது. உலைச் சுவரைக் கடக்கும் அந்த அரையடிதான் கெட்டுப் போயிருக்கிறது. லேபின் சூட்டுத் தொட்டியில் 15 சென்டிமீட்டர் முக்கினால் சூட்டு மாற்றம் விழுவது வேறு நல்ல பகுதியில். ஆகவே "காலிப்ரேஷனுக்கு அனுப்புங்கள்" என்று யாரும் இங்கே எழுத வேண்டாம். புதுத் தெர்மோகப்பிள் ஒன்றை அதே தெர்மோவெல்லில் (சென்சாரைக் காக்கும் குழாய்), அதே ஆழத்தில் பக்கத்தில் இறக்கி, உலை ஓடும்போது ஒப்பிடுங்கள். பழையதை ஆழம் மாற்றி மாட்டவும் கூடாது, பிழையின் அளவே மாறிவிடும். அந்தச் சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் 'என்' (N) டைப் தெர்மோகப்பிளுக்குப் போவது நல்லது.

ஐம்பதுஹெர்ட்ஸ்

சின்னது. டேட்டா லாக்கரில் எல்லாத் தெர்மோகப்பிளும் இரண்டு மூன்று டிகிரி மெதுவாக ஏறி இறங்கும். ஷீல்ட், எர்த் எல்லாம் பிரித்து மேய்ந்தாயிற்று. மெனுவில் லைன் ஃப்ரீக்வென்சி 60 என்று இருந்தது. 16.67 மில்லிசெகண்ட் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் முழுதாகக் கழியாது, 20 மில்லிசெகண்ட் வேண்டும். 100 மில்லிசெகண்ட் வைத்தால் 50, 60 இரண்டுக்கும் முழுச் சுற்றுகள் வரும்.

கன்ட்ரோல்ரூம்

அமைப்பை மாற்றுவது சரி. ஆனால் இரண்டு மூன்று டிகிரி அளவுக்கு இரைச்சல் உள்ளே வந்ததே ஏன்? ஷீல்ட் இரண்டு முனையிலும் எர்த்தில் இருக்கிறதா, சிக்னல் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மூணுகம்பி

பேரிங் சூடு அளக்கும் பிடி100 (சூட்டோடு எதிர்ப்பு ஏறும் சென்சார்), மூன்று கம்பி: ஒரு முனையில் ஏ, மறு முனையில் பி1, பி2. ரீடிங் 4 டிகிரி அதிகம் என்று சந்தேகம். கார்டிலிருந்து கழற்றி எடுத்த அளவு: ஏ–பி1 131.6, ஏ–பி2 131.6, பி1–பி2 2.6. கழித்தால் 129.0 ஓம், 75 டிகிரி. பார்க்க எல்லாம் சமமாக, சுத்தமாக இருக்கிறது. பேரிங் உண்மையில் 71.

பி கம்பிகளில் ஒன்று கெட்டால் ஏ–பி1, ஏ–பி2 வேறுபட்டுக் காட்டிக்கொடுக்கும். ஏ கம்பி கெட்டால் இரண்டுமே ஒரே அளவு உயரும், சென்சார் சூடானது போலவே தெரியும். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான், ஆகவே ஏ கம்பி நுனியின் லக்கில் 1.5 ஓம் கூடினால் 4 டிகிரி. மூன்று கம்பி முறையில் இதை உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஹெட்டைத் திறந்து, சென்சார் கம்பியிலேயே நேராக அளந்து, பேனலில் கணக்கிட்ட 129.0 ஓமோடு ஒப்பிட வேண்டும். இந்த இடத்தில் ஹெட்டில் 127.5 வந்தது, ஏ கம்பியின் லக் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் ஆடிக்கொண்டிருந்தது. டிரிப் கொடுக்கும் பேரிங்குகளுக்காவது நான்கு கம்பி இழுத்துவிடுங்கள்.