பேச்சைக் குறைத்துக்கொண்டால் மட்டும் கேட்பது வந்துவிடுமா?

தேடல் எழுதியது:
குறைவாகப் பேசி நிறையக் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அதைக் கடைப்பிடிக்க முயலும்போது இரண்டு ஐயங்கள் எழுகின்றன. நான் வாய் திறவாமல் இருந்தாலும், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் என் மனம் மறுமொழியைக் கோக்கத் தொடங்கிவிடுகிறது. இதைக் கேட்பது என்று சொல்ல முடியுமா? அடுத்து, கூட்டங்களில் அமைதியாக இருப்பவரை விவரம் அறியாதவர் என்றே பலரும் எடைபோடுகிறார்கள். அந்நிலையில் எவ்வளவு பேசுவது, எப்போது பேசுவது? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நீரோடை எழுதியது:
நண்பரே, முதல் ஐயத்தில் நீங்கள் சொல்வது மனிதர் எல்லோருக்கும் உள்ள இயல்புதான். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே கழிகிறது என்று காட்டியது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதால், மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே மனத்தை அடக்கப் போராடுவதைவிட, அவர் முடித்த பிறகு நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டிப்பது எளிது. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிகளாக்கினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, தாமாகவே முன்வந்து பேசுவோரும் கூடுகிறார்கள் என்றும் கண்டறிந்தார். இரண்டே நொடிகளில் இவ்வளவு மாற்றம் வருவதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கருத்து மோதலாக இருந்தால் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் முன்வைத்த ஒரு விதி உதவும். முன்னவர் சொன்னதை அவரே 'ஆம், அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்த பிறகே நம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதே அது. செய்து பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

கார்முகில் எழுதியது:
இரண்டாவது ஐயத்துக்கு என் விடை சற்று மாறுபட்டது. குறைவாகப் பேசும்படி அறிவுரை பெறுபவர்கள் பெரும்பாலும் இளையவர்களும் பதவியில் கீழிருப்பவர்களுமே. ஆனால் கேட்காததால் விளையும் கேடு மேலிருப்பவர்களிடம்தான் பெரிதாக இருக்கிறது. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி தம் குறைகளைச் சொல்லத் தொடங்கிய சராசரி 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டது பதிவாகியுள்ளது. நோயாளி முதலில் சொல்வதே அவரை வருத்தும் முதன்மையான குறையாக இருக்கும் என்று எண்ண இடமில்லை. சொல்லத் தயங்குவது பின்னால்தான் வரும்.

இதைவிடக் கொடியது 1977 மார்ச் 27 அன்று டெனெரீப் தீவின் விமான நிலையத்தில் நடந்தது. மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். அவற்றுள் புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், அதன்பின் விமானக் குழுவினருக்கு உருவான பயிற்சிகளில், இளையவர் ஐயத்தைத் துணிந்து எழுப்புவதும் மூத்தவர் அதற்குச் செவிகொடுப்பதும் இன்றியமையாத பாடங்களாயின. ஆகையால், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று முடிவை மாற்றக்கூடும் என்றால் தயங்காமல் பேசுங்கள். மற்றவர் முன்பே சொன்னதை உறுதிப்படுத்துவதற்காக மட்டும் பேச வேண்டியதில்லை.

வெண்பலகை எழுதியது:
கார்முகில் சொல்வதை வழிமொழிகிறேன். கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளில்தான் சொல்வன்மையும் அவையஞ்சாமையும் தனித்தனி அதிகாரங்களாக இருக்கின்றன.

நீரோடை அவர்கள் கூறிய விதியில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. துயரத்தில் இருப்பவர் சொன்னதையே நாம் அவரிடம் திருப்பிச் சொன்னால், அது அவருக்குப் பயின்று ஒப்பிப்பதைப் போலத் தோன்றலாம். அவரிடம் 'பிறகு என்ன ஆயிற்று?' என்று மட்டும் கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது என்று கருதுகிறேன்.